மாநில பெர்மிட் முடிகிற இடம்: பழங்குடி நிலத்தின் வழியே துப்பாக்கியோடு போகும்போது

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பைப் பார்த்து முடித்தவர்களில் பலர் கிழக்கு வாசல் வழியாக வெளியேறுவார்கள். டெசர்ட் வியூவைத் தாண்டியதும் 64ஆம் எண் சாலை மலையிறங்கி, கேமரன் என்ற சிற்றூருக்கு அருகே 89ஆம் எண் நெடுஞ்சாலையில் போய்ச் சேரும். அங்கிருந்து வடக்கே ஆன்டிலோப் கேன்யன், வடகிழக்கே மான்யுமென்ட் வேலி. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் போகிற வழக்கமான வழிதான் இது. அந்த இறக்கத்தில், கோடையில், ஒரு சின்ன விஷயம் நடக்கும். போனில் இருக்கும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தாவிவிடும். அரிசோனா மாநிலம் கோடை நேர மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை. நவஹோ பழங்குடியின் அரசான நவஹோ நேஷன் பின்பற்றுகிறது. நவஹோ நிலத்துக்கு நடுவே தீவுபோல் இருக்கும், ஹோப்பி பழங்குடியின் நிலமான ஹோப்பி ரிசர்வேஷனோ பின்பற்றுவதில்லை.

இப்போது காரை ஓட்டுகிறவரின் இடுப்பில், சட்டைக்கு உள்ளே, தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 21 வயது நிறைந்த, சட்டத் தடை ஏதும் இல்லாத ஒருவர் அரிசோனாவில் 2010 முதல் பெர்மிட் இல்லாமலேயே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். அதே ஆண்டு பிப்ரவரியிலிருந்து தேசியப் பூங்காக்களுக்குள்ளும் அந்தந்த மாநிலச் சட்டமே பொருந்துகிறது. பூங்காவின் அரசுக் கட்டடங்களுக்குள் மட்டும் கொண்டுபோகக் கூடாது. ஆக, ஃபீனிக்ஸில் கிளம்பியபோது அவர் செய்தது சரி. பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று படம் எடுத்தபோதும் சரி. கடிகாரம் தாவிய பிறகு?

பெரும்பாலான பயணிகள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதே இல்லை. சாலை அதே சாலை, பலகைகளும் அதே பச்சைப் பலகைகள். எல்லையில் ஒரு வரவேற்புப் பலகை இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பலகைக்கு அப்பால் இருப்பது இன்னொரு அரசு. அதற்கெனத் தலைவர், சட்டமன்றம், போலீஸ், நீதிமன்றம் எல்லாம் உண்டு. நவஹோ நேஷன் மட்டுமே சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் விரிந்து கிடக்கிறது. நாடு முழுவதும் கூட்டாட்சி அரசு அங்கீகரித்த பழங்குடி அரசுகள் 570க்கும் மேல். ரிசர்வேஷன் என்றதும் நம் நினைவுக்கு வருவது இடஒதுக்கீடும் ரயில் டிக்கெட்டும்தான் என்பதால், இந்தச் சொல்லைக் கேட்கிற நம்மவர்களுக்கு அது அரசு கொடுத்த சலுகை நிலம் போலத் தோன்றிவிடுகிறது. உண்மை நேர்மாறானது. பெரும்பாலான இடங்களில், மற்றதையெல்லாம் இழந்த பிறகு ஒப்பந்தத்தில் தங்களுக்கென்று விடாமல் வைத்துக்கொண்ட மிச்சம்தான் அந்த நிலம்.

இதன் சட்ட வேர் மிகப் பழையது. 1831இல் செரோக்கி மக்கள் ஜார்ஜியா மாநிலத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், பழங்குடிகள் அயல்நாடுகள் அல்ல, அமெரிக்காவுக்குள் அதைச் சார்ந்து நிற்கும் தேசங்கள் என்று வரையறுத்தார். அடுத்த ஆண்டே இன்னொரு வழக்கில், செரோக்கி நிலத்துக்குள் ஜார்ஜியாவின் சட்டத்துக்கு வலு இல்லை என்றும் தீர்ப்பளித்தார். நவஹோ மக்களின் கதை இன்னும் கசப்பானது. 1864இல் ராணுவம் அவர்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுபோய் பாஸ்கி ரெடோண்டோவில் அடைத்துவைத்தது. நான்கு ஆண்டுக்குப் பிறகு, 1868 ஒப்பந்தத்தின் பேரில்தான் ஊர் திரும்ப முடிந்தது. அந்த ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவு, அரசு அனுமதித்த அலுவலர்கள் போன்றோரைத் தவிர வேறு யாரும் அந்த நிலத்தில் குடியேறவோ, தங்கவோ, அதைக் கடந்து போகவோ கூடாது என்கிறது. கடந்து போவதைக்கூட அந்தக் காலத்திலேயே எழுதி வைத்தார்கள். இன்று அந்த நிலத்தின் குறுக்கே நெடுஞ்சாலைகள் ஓடுகின்றன. ஆனாலும் உள்ளே யார் வரலாம், எதைக் கொண்டுவரலாம் என்று சொல்லும் உரிமையின் மூலம் இதுதான்.

சரி, துப்பாக்கி உரிமை அரசியலமைப்பில் இருக்கிறதே, அது எல்லா இடத்துக்கும் பொருந்தாதா? பொருந்தாது. அமெரிக்க அரசியலமைப்பின் உரிமைச் சாசனம் பழங்குடி அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்பது 1896லிருந்து நிலைத்திருக்கும் தீர்ப்பு. அந்த இடைவெளியை நிரப்பத்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1968இல் இந்தியக் குடிமை உரிமைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது (இங்கே இந்தியர் என்பது அமெரிக்கப் பழங்குடிகளைக் குறிக்கும் பழைய பெயர்). பேச்சுரிமை, மதச் சுதந்திரம், நியாயமற்ற சோதனைக்கு எதிரான பாதுகாப்பு எனப் பலவற்றை அந்தச் சட்டம் பழங்குடி அரசுகள்மேல் கடமையாக்கியது. ஆயுதம் ஏந்தும் உரிமை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே 2008, 2010, 2022 ஆகிய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் வழங்கிய பெரிய துப்பாக்கித் தீர்ப்புகள் கூட்டாட்சி அரசையும் மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தினாலும், நேரடியாகப் பழங்குடி மன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை.

இதைவைத்துப் பழங்குடி அரசுகள் எல்லாம் துப்பாக்கிக்கு எதிரானவை என்று நினைத்துவிட வேண்டாம். வேட்டை பல இடங்களில் அன்றாட வாழ்வின் பகுதி. நவஹோ நேஷனின் சொந்த உரிமைச் சாசனத்திலேயே ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் அதில் ஒரு நிபந்தனையையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்: சமாதான நோக்கங்களுக்காக, அமைதியைக் குலைக்காத முறையில். எனக்கு இந்த வரி மிகவும் பிடிக்கும். உரிமையையும் அதன் எல்லையையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஆனால் அந்த எல்லை எங்கே விழுகிறது என்பதை ஒவ்வொரு பழங்குடியும் தன் சட்டத்தில் தனித்தனியாக எழுதுகிறது. சில அரசுகள் சுற்றியுள்ள மாநிலத்தின் பெர்மிட்டை அப்படியே ஏற்கின்றன. சில, தாங்களே தரும் அனுமதியை மட்டும் ஏற்கின்றன. வேறு சில, மறைத்து எடுத்துவருவதை முழுக்கத் தடுக்கின்றன. மாநிலங்களுக்கு இடையே ஒன்றின் பெர்மிட்டை இன்னொன்று மதிக்கும் ஏற்பாடு உண்டு. பையில் இருக்கும் அட்டை பத்து இருபது மாநிலங்களில் செல்லும் என்று பலர் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அந்த ஏற்பாட்டுக்குள் பழங்குடி அரசு தானாக வந்துவிடுவதில்லை.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. அமெரிக்கச் சட்டத்தின் மிக விசித்திரமான மூலைகளில் ஒன்று இது.

ஒரே காரில் மூன்று நண்பர்கள் போகிறார்கள். ஒருவர் நவஹோ, ஒருவர் வேறொரு பழங்குடியான லகோட்டா, ஒருவர் பழங்குடி அல்லாதவர். மூவரிடமும் ஒரே மாதிரித் துப்பாக்கி. மூவரும் மீறுவது ஒரே பழங்குடிச் சட்டம். நவஹோ நண்பரை நவஹோ நீதிமன்றம் விசாரித்துத் தண்டிக்கலாம். லகோட்டா நண்பரையும் தண்டிக்கலாம். 1990இல் உச்ச நீதிமன்றம் அது முடியாது என்றது, காங்கிரஸ் விரைவிலேயே சட்டத்தைத் திருத்தியது, 2004இல் அந்தத் திருத்தம் செல்லும் என்று அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மூன்றாமவரைத் தொட முடியாது. காரணம், ஒலிஃபன்ட் வழக்கு என்று சட்ட உலகில் எல்லோரும் சொல்கிற 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வாஷிங்டன் மாநிலத்தில் சுக்வாமிஷ் மக்களின் நிலத்தில் எழுந்த அந்த வழக்கில், பழங்குடி நீதிமன்றங்களுக்குப் பழங்குடி அல்லாதவர்மீது குற்றவியல் அதிகாரம் இல்லை என்று முடிவானது. 2013லும் 2022லும் காங்கிரஸ் குடும்ப வன்முறை போன்ற சில குற்றங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. வெறுமனே துப்பாக்கி எடுத்துச் செல்வது அந்த விலக்குகளில் வராது.

மாநிலமாவது பிடிக்குமா? பழங்குடி யாரும் பாதிக்கப்படாத குற்றத்தில், பழங்குடி அல்லாதவர்மீது மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மாநிலச் சட்டப்படி அவர் செய்தது குற்றமே இல்லை. கூட்டாட்சிச் சட்டத்திலும், அவர் தடைசெய்யப்பட்டவர் இல்லையென்றால், பொதுவாகக் குற்றம் இல்லை. ஆகப் பழங்குடி அரசு ஒரு சட்டம் போடலாம், அதை மீறுகிற வெளியாளை மட்டும் சிறைக்கு அனுப்ப முடியாது. இதைக் கண்டுபிடித்த சிலர், அப்படியானால் அந்தச் சட்டம் எனக்கு இல்லை என்று பேசுகிறார்கள். தவறான முடிவு என்பது மட்டுமல்ல, ஒரு மக்களின் வீட்டுக்குள் நுழைந்து நின்றுகொண்டு, உங்களால் என்னை என்ன செய்ய முடியும் என்று கேட்பதும்தான் அது.

அவர்களால் என்ன செய்ய முடியும் என்பதையும் பார்ப்போம். முதலாவது, நிறுத்திவைக்கலாம். 2016இல் மொன்டானாவில் குரோ ரிசர்வேஷன் வழியே போகும் 212ஆம் எண் நெடுஞ்சாலையில், நள்ளிரவு தாண்டிய நேரம், ஓரமாக நின்றிருந்த ஒரு பிக்கப் வண்டியைக் கண்டு குரோ போலீஸ் அதிகாரி ஒருவர் உதவி ஏதும் வேண்டுமா என்று விசாரிக்கப் போனார். முன் இருக்கையில் இரண்டு அரைத் தானியங்கி ரைஃபிள்கள் கிடந்தன. பிறகு போதைப்பொருளும் கிடைத்தது. ஓட்டுநர் பழங்குடி அல்லாதவர். பழங்குடி அதிகாரிக்குத் தன்னைச் சோதிக்க அதிகாரமே கிடையாது என்று வாதாடினார். கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்கவும் செய்தன. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. ரிசர்வேஷன் வழியே போகும் பொதுச் சாலையிலும், மாநில அல்லது கூட்டாட்சிச் சட்டம் மீறப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், பழங்குடி அதிகாரி வெளியாளைத் தற்காலிகமாக நிறுத்திச் சோதிக்கலாம், பிறகு உரிய போலீஸிடம் ஒப்படைக்கலாம் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டீஃபன் பிரையர்.

இரண்டாவது, பல பழங்குடி அதிகாரிகள் பழங்குடிச் சட்டத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர்கள் அல்ல. மாநிலமோ, மாவட்டம் போன்ற பிரிவான கவுன்டியோ அவர்களுக்குத் தன் அதிகாரத்தையும் கொடுத்திருக்கும். பழங்குடி விவகாரங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான இந்திய விவகாரப் பணியகம் கூட்டாட்சிச் சட்டத்தை அமல்படுத்தும் சிறப்பு அதிகாரம் கொடுத்திருக்கும். சாலையோரம் நிற்கும் உங்களுக்கு, எதிரே நிற்கிறவர் எத்தனை தொப்பி அணிந்திருக்கிறார் என்பது தெரியப்போவதில்லை.

மூன்றாவது, சிறை இல்லாவிட்டாலும் அபராதம் போட முயலலாம், துப்பாக்கியைக் கைப்பற்றி உரிமையியல் நடவடிக்கை எடுக்கலாம். இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் நீதிமன்றங்கள் இன்னும் இழுபறியில் இருக்கின்றன. 1981இல் வந்த மொன்டானா தீர்ப்பின்படி, ரிசர்வேஷனுக்குள் வெளியாருக்குச் சொந்தமான நிலத்தில் வெளியார்மீது பழங்குடிக்குப் பொதுவாக உரிமையியல் அதிகாரம் இல்லை. பழங்குடியோடு ஒப்பந்த உறவு இருந்தாலோ, பழங்குடியின் பாதுகாப்பையோ நலனையோ நேரடியாகப் பாதித்தாலோ மட்டும் உண்டு. மாநில நெடுஞ்சாலையும் அந்த வெளியார் நிலத்துக்குச் சமம் என்று 1997இல், வடக்கு டகோட்டாவின் ஃபோர்ட் பெர்தோல்டு ரிசர்வேஷனில் நடந்த ஒரு சாலை விபத்து வழக்கில் முடிவானது. ஆகவே நெடுஞ்சாலையில் போகும்வரை பயணியின் கை சற்று ஓங்கியிருக்கிறது. சாலையை விட்டு இறங்கிப் பெட்ரோல் பங்க், கடை, கேசினோ, முகாம் என்று பழங்குடி நிலத்தில் கால் வைத்த கணமே நிலைமை மாறுகிறது. எந்தப் பயணம்தான் பெட்ரோல் போடாமல் முடிகிறது?

நான்காவது, வெளியே போகச் சொல்லலாம். இது வெற்று மிரட்டல் அல்ல. 2020இல் தெற்கு டகோட்டாவில் செயென் ரிவர் சூ, ஓக்லாலா சூ ஆகிய இரு பழங்குடிகளும் கொரோனாவைத் தடுக்க நெடுஞ்சாலைகளில் சோதனைச் சாவடி போட்டன. அப்போதைய ஆளுநர் கிறிஸ்டி நோம் அவற்றை அகற்றச் சொன்னபோது மறுத்துவிட்டன. 2024இல் அவர் பழங்குடித் தலைவர்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக, அந்த மாநிலத்தின் ஒன்பது பழங்குடிகளும் ஒவ்வொன்றாக அவரைத் தங்கள் நிலத்துக்குள் வரக் கூடாதென்று விலக்கின. பதவியில் இருந்த ஆளுநருக்கே அது நடந்தது.

இடத்துக்கு இடம் ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியா, ஒரிகன், மின்னசோட்டா, விஸ்கான்சின், நெப்ராஸ்கா, பிறகு அலாஸ்கா ஆகிய மாநிலங்களில், 1953ஆம் ஆண்டின் 280ஆம் எண் சட்டப்படி, பெரும்பாலான பழங்குடி நிலங்களிலும் மாநிலக் குற்றவியல் சட்டமே செல்லும். மின்னசோட்டாவின் ரெட் லேக், ஒரிகனின் வார்ம் ஸ்பிரிங்ஸ் போன்றவை விதிவிலக்கு. இந்த 280ஆம் எண் சட்டம் செல்லும் இடங்களில், கவுன்டி போலீஸின் தலைவரான ஷெரிஃபுக்கும் வேலை உண்டு. பழங்குடிச் சட்டம் அங்கே மறைந்துவிடுவதில்லை; அதற்குப் பக்கத்தில் மாநிலச் சட்டமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அப்புறம், பயணிகள் அடிக்கடி நம்பிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டாட்சிப் பாதுகாப்பு. 1986ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ளவர் நடுவே எந்த மாநிலத்தையும் கடந்து போகலாம் என்கிறது. ஆனால் தோட்டாவை எடுத்திருக்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டேஷ்போர்டில் உள்ள பெட்டி அதற்கு ஆகாது. இடுப்பில் மறைத்து வைத்துக்கொண்டு போகிறவருக்கு இந்தச் சட்டம் ஒரு துளியும் உதவாது. பெட்டியில் பூட்டியவருக்குமே, சட்டம் மாநிலங்களையும் அவற்றின் உள்ளாட்சிகளையும்தான் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பழங்குடி என்ற சொல் அதில் இல்லை. பணியிலுள்ள, ஓய்வுபெற்ற போலீஸார் நாடெங்கும் துப்பாக்கி எடுத்துச் செல்ல வழிசெய்யும் 2004ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே குறை. அந்தப் பாதுகாப்பை நம்பி ஒரு பழங்குடி நீதிமன்றத்தில் நின்று வாதாடும் முதல் ஆளாக யாரும் இருக்க விரும்ப மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கூட்டாட்சிச் சட்டமே பிடிக்கிற இடங்களும் ரிசர்வேஷனுக்குள் அதிகம். மருத்துவமனை இந்தியச் சுகாதாரச் சேவையுடையதாக இருக்கலாம், அலுவலகம் இந்திய விவகாரப் பணியகத்துடையதாக இருக்கலாம். கூட்டாட்சிக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு போவது தனிக் குற்றம். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் தோட்டா நிரப்பிய துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம், அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த பெர்மிட் இருந்தால்தான் விலக்குத் தரும். பெர்மிட் தேவையில்லாத மாநிலத்தில் பெர்மிட் வாங்காமல் விட்டவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். ரிசர்வேஷன் ஊர்களில் பள்ளி பெரும்பாலும் நெடுஞ்சாலையை ஒட்டியே நிற்கிறது. அனுமதியில்லாமல் வேட்டையாடப் பழங்குடி நிலத்துக்குள் நுழைவதும் கூட்டாட்சிக் குற்றம்; துப்பாக்கியோடு மண் பாதையில் திரும்புகிற வண்டியை அவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1890 டிசம்பர் 29 அன்று, தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் ரிசர்வேஷனில் வூண்டட் நீ ஓடைக்கரையில், அமெரிக்க ராணுவத்தின் ஏழாம் குதிரைப்படை லகோட்டா மக்களிடமிருந்து துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யத் தொடங்கியது. ஒரு துப்பாக்கி வெடித்தது. பிறகு படையினர் சுட்டதில் இறந்தவர்கள் 250க்கும் மேல். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் ஏராளம். இன்றைய கணக்கும் ஆறுதல் தருவதாக இல்லை. 2016இல் கூட்டாட்சி நீதித் துறையின் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, பழங்குடிப் பெண்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் வாழ்நாளில் ஏதாவதொரு வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பழங்குடி அல்லாத ஒருவரிடமாவது அதை அனுபவித்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஆயுதத்தோடு வரும் ஆள் என்பது அந்த மக்களுக்குப் பாடப்புத்தகச் செய்தி அல்ல. தண்டிக்கும் அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்ட நீதிமன்றமே, தங்கள் நிலத்துக்குள் என்ன வரலாம் என்று விதி எழுதும் உரிமையை விட்டுவைத்திருக்கிறது. அந்த விதியையாவது நாம் மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. அரிசோனாவில் பெர்மிட் வேண்டாமே என்று நண்பரின் துப்பாக்கியைக் காரில் வைத்துக்கொண்டு போவது, ரிசர்வேஷன் எல்லைக்கு வெகு முன்பே குற்றமாகிவிடும். மேலே சொன்னதெல்லாம் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் குடிமக்களுக்கும்தான்.

அவர்களுக்கும் வழி எளிதுதான். கிளம்புவதற்கு முன் வரைபடத்தில் எந்தெந்த ரிசர்வேஷன் வழியே போகிறோம் என்று பாருங்கள். நவஹோவுக்குள் ஹோப்பி இருப்பதுபோல் ஒரே மதியத்தில் இரண்டு அரசுகளைக் கடக்க நேரலாம், இரண்டின் விதியும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். அந்தந்தப் பழங்குடி போலீஸின் அவசரமல்லாத எண்ணை அழைத்து, இன்ன நாளில் இன்ன சாலையில் போகிறேன், வண்டியில் துப்பாக்கி இருக்கிறது, எப்படி வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அதிகாரி நிறுத்தினால் கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, பெட்டி டிக்கியில் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். எல்லைப் பலகையைக் கண்ட பிறகு சாலையோரம் நிறுத்தி, பிள்ளைகள் பின் இருக்கையில் பார்த்துக்கொண்டிருக்க, தோட்டாவைக் கழற்றுவது நல்ல யோசனை அல்ல. காலையில் விடுதி அறையிலேயே கழற்றி, துப்பாக்கியை ஒரு பெட்டியிலும் தோட்டாவை இன்னொன்றிலும் பூட்டி, டிக்கியின் அடியில் வைத்து, அதற்கு மேல் சூட்கேஸ்களை அடுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.